ஐந்தாவது சக்கரத்திலிருந்து

செப்டம்பர் 21, 2025

நாளையிலிருந்து டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிறது. வரியோடு 128 ரூபாய்க்கு விற்றது 118-க்கு வர வேண்டும். நாலு டயர் வாங்கினால் மிச்சமாகும் தொகை ஒரு டயர் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தள்ளிப்போட்டு வந்த வேலையை இனியும் தள்ளிப்போடச் சாக்கு இல்லை. வண்டி 2010-இல் பதிவான சான்ட்ரோ ஜிங். பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது, இனி 2030 வரை ஓடலாம். "அஞ்சு வருஷம் ஓடப்போற வண்டிக்குப் புது டயர் எதுக்கு, செகண்ட்ஸ் போட்டா போதாதா" என்பது இந்த ஊரில் யாரும் கேட்கக்கூடிய கேள்வி, நியாயமானதும்கூட. ஆனால் ஐந்து ஆண்டு என்பது ஒரு செட் டயரின் நியாயமான ஆயுளும்தான். இந்த வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது. பிரேக்கை மிதித்தால் வண்டி எங்கே நிற்கும் என்பதில் ரப்பருக்கு உள்ள பங்கு புது வண்டியில் இருப்பதைவிட இதில் அதிகம். காரின் விலை குறைந்துவிட்டது என்பதற்காக அது நிற்பதற்குத் தேவைப்படும் தூரம் குறைவதில்லை.

டயர் கடைக்குப் போகிறவர்கள் பொதுவாக முதலில் பார்ப்பது சுவரில் மாட்டியிருக்கும் அலாய் வீலின் டிசைனை. பிறகு அதற்கேற்ற டயர். பில் போடும் நேரத்தில்தான் "ஸ்டெப்னி பழசே கிடக்கட்டும்" என்று ஒரு வார்த்தை. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. டிக்கியில் எது கிடக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்தால் மற்ற நாலும் எப்படி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடுகிறது. உப்பளமும் துறைமுகமும் சூழ்ந்த தூத்துக்குடியில் இந்த வாதத்துக்கு வேறு ஊர்களில் இல்லாத சில காரணங்களும் இருக்கின்றன.

செப்டம்பர் 24

அளவுக் கணக்கு. சான்ட்ரோவுக்குக் கம்பெனி கொடுத்தது 155/70 ஆர்13. அகலம் 155 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 108 மி.மீ. சொச்சம். 13 அங்குல ரிம்மையும் சேர்த்தால் மொத்த விட்டம் 547 மி.மீ. கடைகளில் இதற்கு மாற்றாக முதலில் நீட்டப்படுவது 155/80 ஆர்13. அகலம் அதே, ரிம் அதே, பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் விட்டம் 578 மி.மீ. ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும், சின்ன இன்ஜினுக்கு ஏற்றத்தில் இழுவை குறையும், பாரம் ஏற்றி ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் உள்ளே உரசவும் வாய்ப்புண்டு. ஸ்டாக்கில் இருக்கிறது என்பதைத் தவிர அதை வாங்க வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, 14 அங்குல அலாயில் 165/60. விட்டம் 554 மி.மீ., ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். எண்களில் குற்றமில்லை. மூன்றாவது, பழைய இரும்பு டிஸ்க்கிலேயே 165/65 ஆர்13. சான்ட்ரோ வந்த அதே 1998-இல் அறிமுகமான டாடா இண்டிகாவில் இந்த அளவு ஓடியிருக்கிறது. விட்டம் 545 மி.மீ., அசல் டயருக்கும் இதற்கும் உள்ள இடைவெளி மூன்று மி.மீ.கூட இல்லை. 165 அகலத்துக்கு டிஸ்க் குறைந்தது நாலரை அங்குலம் இருக்க வேண்டும். டிஸ்க்கிலேயே அந்த எண் அடித்திருக்கும், டயரைக் கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். 175 போட ஆசைப்பட்டால் ஐந்து அங்குலம் வேண்டும். அதற்காக டிஸ்க்கையே மாற்றுவது இந்த வண்டிக்குத் தேவையற்ற செலவு. டயரின் பாரக் குறியீடும் 75-க்குக் கீழே போகக்கூடாது. 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும் என்று பொருள். சும்மா நிற்கும் வண்டிக்கு இது தாராளம், ஐந்து பேரும் சாமான்களுமாகத் திருச்செந்தூர் போகும்போது அந்தத் தாராளம் தேவைப்படும்.

பெரிய ரிம் என்றால் நவீனம் என்று ஓர் எண்ணம் பரவிக் கிடக்கிறது. அம்பாசடர் 15 அங்குல ரிம்மில்தான் ஓடியது. அதில் உட்கார்ந்து போனவர்கள் இன்றும் புகழும் சொகுசு, ரிம்மைச் சுற்றி இருந்த உயரமான 5.90 டயரிலிருந்து வந்தது. பள்ளத்தில் விழும்போது அடி வாங்குவது பக்கச் சுவர். அதைக் குறைத்துக்கொண்டே ரிம்மைப் பெரிதாக்கினால் அந்த அடி ஸ்ட்ரட்டுக்கும் புஷ்ஷுக்கும் போகும், பதினைந்து வயது வண்டியில் அவை ஏற்கனவே ஓய்ந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். புது டயரில் ஏறத்தாழ எட்டு மி.மீ. பட்டன் இருக்கும், சட்டப்படி 1.6 மி.மீ. வரை தேய விடலாம். அப்படியானால் தேய்மானத்திலேயே விட்டம் 13 மி.மீ. போய்விடுகிறதே, ஏழு மி.மீ. வித்தியாசத்துக்கு ஏன் 14 அங்குலத்தைக் குறை சொல்வது? சரியான மறுப்பு. விட்டத்தைக் காரணம் காட்டி 14 அங்குல அலாயைத் தள்ள முடியாது. தள்ளுவதற்கான காரணங்கள் உப்பிலும் நட்டிலும் இருக்கின்றன.

செப்டம்பர் 27

அலாய்க்கு ஆதரவான வலுவான வாதம் இந்தக் கடற்கரையிலிருந்தே வருகிறது: இரும்பு டிஸ்க் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், அலாய் துருப்பிடிக்காது, எனவே தூத்துக்குடிக்கு அலாய்தான் பொருத்தம். முத்துக்குளிப்பு 1961-இல் கடைசியாக நடந்து முடிந்தது. உப்பு இன்னும் முடியவில்லை. தருவைக்குளம் பக்கமும் முள்ளக்காடு பக்கமும் சாலையை ஒட்டியே பாத்திகள், ஓலை போர்த்திய உப்புக் குவியல்கள், உப்பு ஏற்றி ஓடும் லாரிகள். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் சக்கரத்தில் வந்து படிவது அதுதான். ஆக இந்த வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது.

ஆனால் செம்பழுப்புத் துரு வராது என்பது வரைதான் அது சரி. அலுமினியத்தின் மேல் இயற்கையாக உருவாகும் ஆக்சைடு படலம் சாதாரணக் காற்றைத் தாங்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். புது அலாயில் லாக்கர் பூச்சு இருக்கும்வரை கவலையில்லை. நடைபாதைக் கல்லில் உரசினாலோ, டயர் மாற்றும் கம்பி பட்டாலோ, பேலன்சிங் ஈயம் பதிந்தாலோ பூச்சு அந்த இடத்தில் உடைகிறது. அங்கிருந்து பூச்சுக்கு அடியிலேயே அரிப்பு ஊர்ந்து போகும். அதன் அடையாளம் வெள்ளைப் பொடி. மோசமான இடம் டயரின் ஓரம் ரிம்மில் அமரும் பகுதி. டியூப்லெஸ் டயரில் காற்றை அடைத்து வைப்பதே அந்த இரண்டின் ஒட்டுதல்தான். வாரத்துக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. இறங்குகிறது, ஆணி எதுவும் இல்லை என்று வரும் சக்கரத்தைப் பஞ்சர் கடைத் தொட்டியில் முக்கிப் பார்த்தால் பட்டன் பக்கம் ஒன்றும் இருக்காது. ரிம் ஓரத்தில், விரல்நீளத்துக்கு, பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பிக்கொண்டிருக்கும்.

இரும்பு டிஸ்க்கிலும் இதே இடத்தில் துரு வரும், இதே குமிழிதான். வித்தியாசம் வைத்தியத்தில். டிஸ்க் என்றால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் அடித்தால் இன்னும் பல மழைக்காலத்துக்குப் போதும். பள்ளத்தில் விழுந்து ஓரம் நெளிந்தால் சுத்தியலால் தட்டி எடுக்கிறார்கள். வார்ப்பு அலாய் நெளிவதற்குப் பதில் விரிசல் விடலாம். வெல்டிங் வைத்த அலாயை நம்பி நெடுஞ்சாலையில் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இன்னொன்று, அலுமினியச் சக்கரம் எஃகு ஹப்போடு ஒட்டி நிற்கிறது, இடையில் உப்பு ஈரம். இது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். நாளாவட்டத்தில் சக்கரம் ஹப்போடு பிடித்துக்கொள்ளும், நட்டு எல்லாம் கழற்றிய பிறகும் வராது. ஹப் முகத்தில் மட்டும் மெல்லக் கிரீஸ் தடவி இதைத் தள்ளிப்போடலாம். போல்ட் புரியில் தடவக்கூடாது, நட்டு தேவைக்கு மேல் இறுகிவிடும்.

எடை குறையும் என்பது இன்னொரு நன்மையாகச் சொல்லப்படுகிறது. ஃபோர்ஜ் செய்த சக்கரத்தில் அது உண்மை. ஓர் அங்குலம் பெரிதாகிய வார்ப்பு அலாயில் அந்த மிச்சம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அழகு என்றால் அதற்கு எதிர்வாதம் கிடையாது. அழகுக்காக என்று சொல்லி வாங்குகிறவரிடம் எனக்குச் சண்டையில்லை, பாதுகாப்புக்காக என்று சொல்லும்போதுதான்.

அக்டோபர் 2

இப்போது ஸ்டெப்னி. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, டியூப்லெஸ் டயரும், பஞ்சர் ஒட்டும் கிட்டும், காற்றழுத்தம் காட்டும் கருவியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. "அரசாங்கமே வேண்டாம் என்றுவிட்டது, டிக்கியில் இடத்தை ஏன் அடைக்க வேண்டும்" என்று இதை வைத்து வாதிடுகிறார்கள். விதி சொல்வது அந்த மூன்றும் சேர்ந்து உள்ள வண்டிகளுக்கு. 2010 சான்ட்ரோவில் அழுத்தம் காட்டும் கருவி இல்லை. கடையில் வாங்கி மாட்டலாம், சரி. ஆனால் கிட்டில் உள்ள பசை அடைப்பது பட்டன் பக்கத்து ஆணி ஓட்டையை. பக்கச் சுவர் கிழிந்தாலோ ரிம் ஓரம் நெளிந்தாலோ அதற்கு வேலையில்லை. கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் துறைமுகச் சாலையிலும், தருவைக்குளம் தாண்டி வைப்பாறு, வேம்பார் என்று நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இந்த இரண்டாவது வகைச் சேதத்தைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். இரவில் அங்கே அடுத்த பஞ்சர் கடை எவ்வளவு தூரம் என்பது டிக்கியில் மிச்சமாகும் இடத்தைவிட முக்கியம்.

நாலு சக்கரமும் 14 அங்குல அலாய், டிக்கியில் 13 அங்குலப் பழைய டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். சில வெளி அலாய்களோடு நீளமான, கூம்பு அமைப்பு வேறான நட்டு வரும். அது பழைய டிஸ்க்கில் சரியாக உட்காராமல் போகலாம். அப்படியானால் பழைய நட்டுச் செட்டும் டிக்கியில் கிடக்க வேண்டும். ஹூண்டாய் போல்டின் புரி இடைவெளி 1.5 மி.மீ., மாருதியுடையது 1.25. அவசரத்தில் பக்கத்து மாருதிக்காரரிடம் நட்டு கடன் வாங்கி முறுக்கினால் புரி போய்விடும். பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி எங்கே என்று தேட வேண்டும். முன்சக்கரம் போனால், இது முன்சக்கர இழுவை வண்டி என்பதால், அளவு மாறிய ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, பின்னால் இருக்கும் நல்லதைக் கழற்றி முன்னால் கொண்டுவருவதே சரியான முறை. ஜாக்கியை இரண்டு முறை தூக்க வேண்டும், லாரி வெளிச்சம் முகத்தில் அடிக்க. யாரும் செய்ய மாட்டார்கள், நேரே முன்னால் மாட்டிவிட்டுப் போவார்கள்.

ஆகவே டிஸ்க்கோடு டிஸ்க், நட்டோடு நட்டு ஒத்துப்போகும் ஐந்து வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் 14 அங்குலம் தானே விலகுகிறது. ஐந்தாவது அலாயும் வாங்கலாமே என்றால், வாங்கலாம். டிக்கிக் குழியில் அடங்குமா என்று முதலில் பார்த்துவிட்டு. அம்புக்குறி போட்ட, ஒரே திசையில் சுழல வேண்டிய பட்டன் டயர்களும் விலகுகின்றன, அவற்றில் ஒரு ஸ்டெப்னி வண்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் முறையாகப் பொருந்தும். 165/65-இன் விட்டம் அசலோடு ஒத்துப்போவதால், பழைய 155/70-இல் நன்றாக இருக்கும் ஒன்று பஞ்சர் கடை வரை போக ஸ்டெப்னியாக இருக்க முடியும் என்பது கூடுதல் லாபம்.

அக்டோபர் 5

ஐப்பசி வருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழைக்கு எந்த டயரும் பதில் சொல்லாது. அன்று சாலையே இல்லை. பேச வேண்டியது சாதாரண மழை நாளைப் பற்றி, நெடுஞ்சாலையில் ஒரு விரல்கடை நீர் நிற்கும் நாளைப் பற்றி. அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது காய்ந்த சாலைக்கு ஓரளவு சரி. நீரில் அகலமான டயர் விலக்க வேண்டிய தண்ணீரும் அதிகம், லேசான வண்டி சீக்கிரம் மிதக்கும். 1960-களில் நாசாவில் ஹோர்ன் என்பவர் விமான டயர்களை வைத்துக் கண்ட கணக்குப்படி மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ.யில் ஏறத்தாழ 91 கிலோமீட்டர், 20-க்கு இறங்கினால் 74. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது, பட்டனின் ஆழமும் சேரும். ஆனாலும் திசை தெளிவு: ரிம் ஓரத்தில் குமிழி விட்டுக் காற்று இறங்கிய அழகான சக்கரம், காற்று நிற்கும் பழைய டிஸ்க்கைவிட மழையில் ஆபத்து. அகலத்தில் பத்து மி.மீ. கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்பதற்கு இதுவும் காரணம்.

அக்டோபர் 9

மிச்சம் இருப்பது வயது. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டயர்க் கம்பெனிகள் பல பத்து ஆண்டைக் கடைசி எல்லையாகச் சொல்கின்றன. வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கிச் சூட்டில் ஆறேழு ஆண்டு கிடந்த டயரையே நான் ஸ்டெப்னியாக ஏற்க மாட்டேன், பட்டனில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும். ஓடாத டயரும் கிழடாகிறது. செகண்ட்ஸ் டயருக்கும் இதே சோதனைதான், அதில் தேறுகிறவை குறைவு. பழைய நாலில் ஒன்றும் தேறாவிட்டால் ஐந்தாவதையும் 165/65-ஆகவே வாங்கிவிட வேண்டும், வரியில் மிச்சமானது அதற்குப் பாதி வழிகூட வராது என்றாலும். ஐந்தையும் சுழற்றி மாற்றிப் போட்டால் தேய்மானம் பங்காகும் என்று சொல்வார்கள், கணக்கும் சரி. ஆண்டுக்கு ஆறாயிரம் கி.மீ. ஓடும் வண்டியில் தேய்வதற்கு முன் வயது வந்துவிடும் என்பதால் அந்த லாபத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கடையில் 165/65 இல்லை என்றால் 155/80-க்கு இறங்கி வரத் தேவையில்லை. அசல் 155/70 இருந்தால் அதுவே போதும், பெரிய இழப்பில்லை. இரண்டும் இல்லையென்றால் மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வரவழைக்கச் சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் ஐந்து டிஸ்க்கையும் கழற்றித் துரு தேய்த்துப் பெயின்ட் அடித்துக் காயவைக்கலாம். வால்வும் புதிதாக மாற்ற வேண்டும், ஸ்டெப்னிக்கும் சேர்த்து.