ஓடுதுதானே, பிறகென்ன?

"தம்பியவை, அண்டைக்கு உங்கட கொம்பியூட்டரில ஏத்தினீங்கள் எல்லோ, எங்கட அவற்ற படம். அதில ஒண்டு எடுத்துத் தாங்கோ."

2018 மாரியில் ஒரு பின்னேரம் அந்த அம்மா எங்கட சனசமூக நிலையத்துக்கு வந்து கேட்டா. கூரை ஒழுகி, அலுமாரிக்குள் இருந்த அல்பம் நனைந்துவிட்டதாம். கணவரின் படம் என்று அவவிடம் இருந்தது அந்த ஒன்றுதான். இடம்பெயர்ந்த இடமெல்லாம் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோய்க் காப்பாற்றிய படம். இரண்டு வருசத்துக்கு முன், நிலையத்தின் ஆண்டு மலருக்காக அதை வாங்கி ஸ்கேன் பண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். கொடுக்கும்போது, "இனி இது அழியாது அம்மா, கொம்பியூட்டரில இருக்கு" என்றும் சொன்னோம்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கொம்பியூட்டரில் எதுவும் இருக்கவில்லை.

அது வெளிநாட்டில் இருக்கிற ஊரவர் ஒருவர் அனுப்பிய காசில், 2012இல், பாவித்ததாக வாங்கிய கணினி. பின்பக்கம் துருத்திய பெரிய மொனிட்டர். சுவிட்சைப் போட்டால் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வரும். நாங்கள் பாமினியில் தமிழ் ரைப் பண்ணப் பழகியது அதில்தான். வேலைக்கு விண்ணப்பம் அடித்தது, விளையாட்டுப் போட்டிக்கு நோட்டீஸ் அடித்தது எல்லாம் அதில்தான்.

அதில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. 2001 ஒக்டோபரில் வெளிவந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. இது எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. எங்களில் ஒருவன் எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொன்னான். "ஓடுதுதானே, பிறகென்ன?" என்று கேட்டோம். அடுத்த நாள் காலமையும் அதே புல்வெளி, அதே வானம். அவன் சொன்னதை மறந்துபோனோம்.

உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அந்தத் திகதி பெரிய விசயமே இல்லை. எங்கட எக்ஸ்பி கடையில் போட்டுத் தந்த கள்ளச் சிடி. அப்டேட் போனால் "இது அசல் விண்டோஸ் அல்ல" என்று எழுத்து வந்துவிடும் என்ற பயத்தில், போட்டுத் தந்தவரே அப்டேட்டை நிறுத்திவிட்டுத்தான் தந்தார். நாங்களும் அதை ஒரு கெட்டித்தனமாகத்தான் நினைத்தோம். உலகத்தில் எக்ஸ்பிக்குக் காவல் இல்லாமல் போனது 2014இல். எங்கட அறைக்குள் அது முதல் நாளிலிருந்தே இல்லை.

மாற்றாமல் இருக்க எங்களிடம் காரணங்களும் இருந்தன. புதிய விண்டோஸில் பாமினி வேலை செய்யாது என்று நம்பினோம். அது பிழை. பாமினி வெறும் ஒரு எழுத்துரு, புதியதிலும் வேலை செய்யும். பழைய பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காது என்றோம். அது சரிதான். ஆனால் ஒரு பிரிண்டருக்காக ஊரின் படங்கள் எல்லாவற்றையும் அடகு வைக்கிறோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

எச்சரிக்கை வராமலும் இல்லை. எங்கட வயதுக்காரருக்குப் பென்டிரைவ் வைரஸ் தெரியாமல் இருக்காது. ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே இரவில் ஷோர்ட்கட் ஆகிவிடும், திறந்தால் ஒன்றும் இராது. பென்டிரைவைக் குத்தியவுடனேயே அதிலுள்ள புரோகிராமைத் தானாக ஓடவிடுகிற பழக்கம் பழைய எக்ஸ்பிக்கு இருந்தது. 2008இன் கடைசியில் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கிய கொன்ஃபிக்கர் புழுவும் பின்னர் இந்த வழியையும் பயன்படுத்தியது. 2011இல் மைக்ரோசொஃப்ட் ஒரு அப்டேட்டில் அந்த வழியை அடைத்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்த எங்களுக்கு அது வந்து சேரவேயில்லை. ஒவ்வொரு தரமும் வைரஸைத் துடைத்துவிட்டு, அதே கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

பழைய விண்டோஸ் ஏன் வரவர ஆபத்தாகிறது என்பது எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. மென்பொருளில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கத் திருத்தம் வெளியிடுவார்கள். அந்தத் திருத்தத்தைக் கள்ளரும் பிரித்துப் பார்ப்பார்கள். எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். புதிய விண்டோஸின் பல பகுதிகள் பழையதிலிருந்து தொடர்ந்து வந்தவை. ஆகவே புதியதுக்கு வருகிற ஒவ்வொரு திருத்தமும், பழையதில் எந்தக் கதவு திறந்து கிடக்கலாம் என்று காட்டிக்கொடுக்கிறது. அந்தக் கதவை அடைக்க இனி ஒருவரும் வரமாட்டார்கள். இதற்குள் மற்றவர்களும் கைவிட்டுவிடுவார்கள். குரோம் 2016இல் எக்ஸ்பியை விட்டது, ஃபயர்ஃபொக்ஸ் 2018இல். திரையில் மட்டும் ஒரு மாற்றமும் தெரியாது.

2017 மே 12ஆம் திகதி வன்னாக்ரை பரவியபோது நாங்கள் அதைத் தூர தேசத்துச் செய்தியாகத்தான் வாசித்தோம். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை இரகசியமாக வைத்திருந்த ஒரு தாக்குதல் கருவி வெளியே கசிந்து, அதைக் கொண்டு செய்யப்பட்ட கப்பம் கேட்கும் நிரல் அது. இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளர்களின் சந்திப்புகள் இரத்தாகின. சில வைத்தியசாலைகள் அம்புலன்ஸ்களை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டன. எக்ஸ்பி பாவித்ததால் வந்த வினை என்று அப்போது பலரும் சொன்னார்கள். ஆனால் அதில் பிடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது விண்டோஸ் 7க்கு ஆதரவு இருந்தது. திருத்தமும் மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாததுதான் பிரச்சினை. அதாவது, கணினி புதிதா பழசா என்பதைவிட, அதற்குக் காவல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கட முறை அதற்குச் சில மாதங்களின் பின் வந்தது. வந்தது என்ன பேருள்ள நிரல் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. டொங்கிள் வழியாக வந்ததா, யாருடையதோ பென்டிரைவில் வந்ததா, அதுவும் தெரியவில்லை. ஒரு காலமை வந்து பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பேருக்கும் ஒரு வால் முளைத்திருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: பிட்கொயினில் காசு கட்டு. பிட்கொயின் என்றால் என்னவென்றே எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

மலருக்காகச் சேர்த்த நூற்றுச் சொச்சம் படங்களும் போயின. பழைய கோயில் தேர், எரிந்துபோன வாசிகசாலைக் கட்டடம், திரும்பி வராதவர்களின் கலியாணப் படங்கள். முதியவர்கள் கதைத்துப் பதிந்த குரல்களும் போயின. அவர்களில் இரண்டு பேர் அதற்குள் மோசம் போயிருந்தார்கள். "டி டிரைவில ஒரு கொப்பி கிடக்கு" என்று ஒருத்தன் ஓடிப்போய்த் திறந்தான். சி போனாலும் டி தப்பும் என்றுதான் எங்கள் எல்லாருக்கும் சொல்லித் தரப்பட்டது. இரண்டும் ஒரே கணினிக்குள் இருந்தன. அதுவும் போய்விட்டது.

கடைக்காரர் ஃபோர்மட் அடிப்பதைத் தவிர வழியில்லை என்றார். அடித்தோம். அதுவும் பிழை. பூட்டிய கோப்புகள் சிலவற்றுக்குப் பிறகொரு காலத்தில் திறப்பு கிடைப்பதுண்டு. யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிசும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில் அப்படியான கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. அந்த ஹாட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு மூலையில் போட்டிருந்தால் ஒரு நப்பாசையாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கும் இலவசத் திருத்தங்கள் நின்றுவிட்டன. எங்களில் பலரின் மடிக்கணினியில் இருப்பது அதுதான். அவற்றில் கனக்க விண்டோஸ் 11ஐ ஏற்காது. அது கேட்கிற டிபிஎம் 2.0 சில்லும் புதிய தலைமுறை புரொசெசரும் அவற்றில் இல்லை. புதிது வாங்கு என்று சொல்வது லேசு. எங்களிடம் காசில்லை, உங்களில் பலரிடமும் இராது. ஆனால் புதிது வாங்காமலும் செய்யக்கூடியவை உண்டு. தனிப்பட்ட பாவனையாளர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். அல்லது லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றைப் போடலாம். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், தமிழும் அடிக்கலாம். இரண்டும் சரிவராவிட்டால், இன்ரநெற்றையும் ஊர்ப் பென்டிரைவ்களையும் அதிலிருந்து விலத்தி வைத்து, வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் அதில் திறக்காமல் விடலாம். எதைச் செய்தாலும், முக்கியமானவற்றுக்கு ஒரு கொப்பி எந்தக் கணினியிலும் குத்தப்படாமல் தனியாக இருக்கவேணும். எங்கட நிலையத்தில் இப்போது அப்படி ஒரு டிஸ்க் அலுமாரிக்குள் இருக்கிறது. மாதம் ஒருக்கா எடுத்து, ஏற்றி, கழற்றி வைக்கிறோம்.

அந்த அம்மாவிடம் அன்றைக்கு உண்மையைச் சொன்னோம். அவ ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு தேடித்தேடி, எழுத்துப்பிழை பார்க்க ஒருத்தன் வீட்டுக்குக் கொண்டுபோன மலரின் தாள்களைக் கண்டுபிடித்தோம். ஒரு பக்கத்தின் மூலையில், கறுப்பு வெள்ளையில், முத்திரை அளவில் அந்தப் படம் இருந்தது. ஸ்ரூடியோவில் கொடுத்து முடிந்தளவு பெருப்பித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். புள்ளி புள்ளியாய்த்தான் இருந்தது.

அவ கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. "அவற்ற கண் இப்பிடி இல்லை" என்றா. பிறகு, "பொலித்தீன் ஏதும் இருக்கே தம்பி?" என்று கேட்டா.