வெந்நீர் வைக்க ஒரு கெட்டில்!



கெட்டில் வாங்குவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? எங்கள் வீட்டில் இதைப் பற்றி ஒரு வாரம் பேசினோம். காரணம், அப்பாயி. அவங்களுக்கு இளைப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் பச்சைத் தண்ணியே ஆகாது. ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் வெந்நீராவது வேண்டும், எல்லோருக்கும் சேர்த்து. சிலிண்டர் மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்து போக ஆரம்பித்ததும், அப்பாயி வெந்நீர் கேட்பதையே குறைச்சுட்டாங்க. "தாகம் இல்லம்மா" என்பார்கள். தாகம் இல்லாமலா? கேஸ் தீந்துடுமே என்றுதான்.

நம்ம கூத்தாநல்லூரில் கெட்டில் புதுசு இல்லை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய் வராத தெருவே இங்கே கிடையாது. பெட்டி பிரிக்கும்போது சாக்லேட், தைலத்தோடு விசில் அடிக்கிற கெட்டிலும் வெளியே வரும். இலங்கைத் தமிழர்கள் இதையே 'கேத்தல்' என்று சொல்வார்கள். ஆனால் பல வீடுகளில் அது ஷோகேசில்தான் இருக்கிறது! வெந்நீர் என்னவோ மூடி இல்லாத குண்டானில்தான் கொதிக்கிறது.

கரண்ட் கெட்டில் வாங்கலாமே என்று அண்ணன் சொன்னான். அது சீக்கிரம் கொதிக்க வைக்கும், சூடும் அதிகம் வீணாகாது, உண்மைதான். ஆனால் அம்மா ஒரே வார்த்தை சொன்னாங்க: "கஜா!" 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நம் திருவாரூர் மாவட்டமும் அடி வாங்கியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லை. அப்போது குடிதண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். எங்களைக் காப்பாற்றியது அடுப்பும் பாதி சிலிண்டரும்தான். அதனால் அடுப்பில் வைக்கிற கெட்டில்தான் என்று முடிவானது.

சரி, எந்தக் கெட்டில்? இயற்பியல் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஒரு லிட்டர் தண்ணியை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 294 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் 46,000 கிலோஜூல் கிடைக்கும். அப்படியானால் ஆறரை கிராம் கேஸ் போதுமே! ஆனால் எரிகிற சூடு முழுவதும் பாத்திரத்துக்குள் போவதில்லை. வீட்டு கேஸ் அடுப்புக்குக் குறைந்தது 68 சதவீத வெப்பத்திறன் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரக் கட்டுப்பாடு சொல்கிறது. அந்தக் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு ஒன்பதரை கிராம் ஆகும். அது சோதனைச்சாலையில், சரியான பாத்திரம் வைத்து, மூடி போட்டு அளப்பது. நம் வீட்டில் திறன் அதில் பாதியாகிவிட்டால்? 19 கிராம்! ஆறு லிட்டருக்கு ஒரு மாதத்தில் ஏறக்குறைய 1.7 கிலோ கேஸ் வீண். எட்டு ஒன்பது மாதத்தில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று காற்றோடு போய்விடுகிறது.

அடுத்து, வீட்டில் இருந்த மூன்று பாத்திரங்களில் ஒரே அளவு தண்ணி, ஒரே பர்னர், ஒரே தீ வைத்துக் கடிகாரம் பார்த்தேன். குறுகலான எவர்சில்வர் பாத்திரம்தான் கடைசி. தீ அதன் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறியது. அகலமான அலுமினியப் பாத்திரம் அதை முந்தியது. அதே அலுமினியப் பாத்திரத்துக்கு மூடி போட்டதும் அதுதான் முதல்!

செம்பு, அலுமினியம், எவர்சில்வர் என்று கடைக்காரர்கள் பெரிதாகப் பேசுவார்கள். சூட்டைக் கடத்துவதில் செம்புக்கு 400 என்றால் அலுமினியத்துக்கு 237, எவர்சில்வருக்கு வெறும் 16. உண்மைதான். ஆனால் கெட்டிலின் அடி மெல்லிய தகடு. தீயின் சூடு தகட்டுக்கு வந்து சேர்வதுதான் கஷ்டம், தகட்டைத் தாண்டுவது அல்ல. அதனால் உலோகத்தை விட அடியின் அகலமும் மூடியும்தான் முக்கியம்.

இதை நம் ஊர் டீக்கடைப் பாய்லர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. நடுக்குழாயில் கரி கனலும், சுற்றிலும் தண்ணி நிற்கும். நெருப்பைத் தண்ணியே கட்டிப் பிடித்துக்கொள்வதால் சூடு வெளியே ஓட வழி குறைவு. ரஷ்யாவின் 'சமோவார்' வேலை செய்வதும் இப்படித்தான்.

விசில் தேவையா? வெறும் விளையாட்டு என்றுதான் அப்பா நினைத்தார். ஆனால் விசில்தான் பெரிய மிச்சம்! தண்ணி கொதித்த பிறகும் அடுப்பு எரிந்தால் அது ஆவியாகப் போகிறது. நூறு கிராம் தண்ணி ஆவியாக 226 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்கும் சூட்டில் முக்கால் பங்கு அது! தளதளவென்று கொதி வந்தாலே கிருமிகள் செத்துவிடும், அதற்கு மேல் பத்து நிமிடம் காய்ச்ச வேண்டியதில்லை. அம்மா கொல்லையில் துணி துவைக்கும்போது விசில்தான் கூப்பிட வேண்டும்.

அந்த விசில் எப்படி வருகிறது தெரியுமா? மூக்கின் உள்ளே துளையுள்ள இரண்டு தகடுகள் அடுத்தடுத்து இருக்கும். முதல் துளையில் பீறிடும் ஆவி இரண்டாவது துளையைக் கடக்கும்போது சுழல்களாகிறது. அந்தச் சுழல்கள்தான் சத்தம். இதை 2013இல்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அளந்து தெளிவாக விளக்கினார்கள். அதுவரை கெட்டில் விஞ்ஞானிகளுக்கே விசில் அடித்துக் காட்டியிருக்கிறது!

கடைசியில் மன்னார்குடியில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினோம். கடைக்குப் போகிறவர்கள் இவற்றைப் பாருங்கள்:

1. அடி தட்டையாக, பர்னர் தீயை விட அகலமாக இருக்க வேண்டும்.

2. மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் ஆவி அந்த வழியே போய்விடும், விசிலும் வராது.

3. கை உள்ளே போகிற அளவு வாய் வேண்டும். நம் ஊர் போர் தண்ணியில் உப்பு படியும். படிந்த உப்பு சூட்டைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்க வைத்தால் கழன்றுவிடும்.

4. பிடி சூடேறாததாக, தீயை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

5. வீட்டுக்குத் தேவையான அளவே போதும். பெரிதாக வாங்கினால் தேவைக்கு மேல் காய்ச்சத்தான் தோன்றும்.

இன்னொன்று: கெட்டிலில் பால் ஊற்றி டீ போடாதீர்கள். பொங்கி மூக்கை அடைத்துவிடும். கொதித்த தண்ணியை உடனே பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் மறுபடி சூடு பண்ணும் கேஸும் மிச்சம்.

இப்போது எங்கள் வீட்டு பிளாஸ்க் அப்பாயி கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. யாரையும் கேட்காமல் அவங்களே ஊற்றிக் குடிக்கிறாங்க.

சிறு துளி பெரு வெள்ளம் என்பார்கள். சிறு மூடியும் பெரு மிச்சம்தான், நண்பர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அடுப்பை ஒரு தடவை பாருங்கள். குண்டானுக்கு மூடி இருக்கிறதா?

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி