போலந்துக் கதைகளில் நாங்கள் கண்டவர்கள்

போலந்து என்றவுடன் எங்கள் நினைவுக்கு வருபவர் புனித மாக்சிமிலியன் கோல்பே. 1941-ஆம் ஆண்டு அவுஷ்விட்ஸ் சிறை முகாமில், மனைவி மக்களையுடைய ஒரு கைதிக்குப் பதிலாகத் தாம் சாக முன்வந்த குருவானவர் அவர். அத்தகையவர்களைத் தேடித்தான் அந்நாட்டின் போர்க்காலக் கதைகளைத் தோழியர் சிலர் சேர்ந்து, ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கினோம். நாங்கள் சந்தித்தவர்களோ வேறு.

சோபியா நல்கோவ்ஸ்கா 1946-இல் வெளியிட்ட 'பதக்கங்கள்' மிகச் சிறிய நூல், எட்டே பகுதிகள். போருக்கு முன்பே புகழ் பெற்றிருந்த இந்நாவலாசிரியை, போர் முடிந்ததும் நாஜிகளின் கொடுமைகளை விசாரித்த குழுவில் பணியாற்றினார். சாட்சிகள் கூறியதைக் காதாரக் கேட்டவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய நடையும் சாட்சி சொல்பவரின் நடையாகவே இருக்கிறது. கட்டுரைக்கு அழகு உவமை என்று நாங்கள் படிக்கிறோம். இவரோ அலங்காரம் எதையும் நாடாமலே எங்கள் கண்களைக் கலங்க வைத்துவிட்டார்!

அந்நூலில் 'இருப்புப்பாதையின் அருகில்' என்றொரு கதை. யூதர்களை மரண முகாமுக்கு ஏற்றிச் சென்ற ரயிலிலிருந்து குதித்த ஒரு பெண், முழங்காலில் குண்டடிபட்டுப் பாதையோரம் கிடக்கிறாள். ஊர் மக்கள் வருகிறார்கள், நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள். யூதருக்கு அடைக்கலம் தருபவருக்கு மரண தண்டனை என்று ஜெர்மானியர் ஆணையிட்டிருந்த காலம் அது. ஒரு கிழவி பாலும் ரொட்டியும் வைத்துவிட்டு விரைந்து மறைகிறாள். ஓர் இளைஞன் அவள் கேட்ட சிகரெட்டை வாங்கி வந்து கொடுக்கிறான். தன்னைச் சுட்டுவிடும்படி அவளே மன்றாடுகிறாள், போலீஸார் தயங்குகிறார்கள். முடிவில் துப்பாக்கியை வாங்கிச் சுட்டவன் அதே இளைஞன்! ஏன் சுட்டான் என்பது கதை சொல்பவருக்கே விளங்கவில்லை.

யெஷி அன்ட்ஷெயெவ்ஸ்கியின் 'சாம்பலும் வைரமும்' 1948-இல் வந்த நாவல். தலைப்பு, 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் நோர்வித்தின் வரியிலிருந்து எடுத்தது. 1945 மே மாதம், ஜெர்மனி வீழ்ந்துவிட்டது. ஆயினும் ஒரு கம்யூனிஸ்ட் தலைவரைக் கொல்லும்படி இளம் வீரன் மாச்செக்குக்குக் கட்டளை. கொல்ல மனமில்லை, வாக்கை மீறவும் மனமில்லை. இங்கே ஜோசப் கான்ராட்டின் நிழல் விழுகிறது. (ஆங்கிலத்தில் எழுதிய அவர் போலந்துக்காரர் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி!) விசுவாசம் தவறாமை என்ற அவர் கருத்தை, தலைமறைவாகப் போராடிய இளைஞர்கள் போற்றினர். அது கண்மூடிக் கீழ்ப்படிவதாகும் என்று 1945-இல் யான் கோட் என்ற விமரிசகர் கண்டித்தார். எழுத்தாளர் மரியா டோம்ப்ரோவ்ஸ்கா கான்ராட்டுக்காக வாதாடினார். மாச்செக்கோ கட்டளையை நிறைவேற்றிவிட்டு, தானும் குண்டடிபட்டுச் சாகிறான்.

மாச்செக்கை மன்னிக்க எங்களில் பலர் ஆயத்தம். இருப்புப்பாதை இளைஞன் விஷயத்தில்தான் ஒத்துப்போக முடியவில்லை. "இரக்கத்தினால்தான் சுட்டான்" என்கிறாள் ஒருத்தி. "இரவில் காட்டுக்குள் தூக்கிச் சென்றிருக்கலாமே!" என்கிறாள் மற்றொருத்தி. "பிடிபட்டால்?" என்று கேட்கிறாள் மூன்றாமவள். இடைவேளை மணி அடித்தும் மாடிப்படியில் இந்தச் சண்டை ஓயவில்லை.