ஏன் அந்த வீட்டை விட்டு ஓடவில்லை?

பேய்ப்படம் பார்க்கும் கூட்டத்தில் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்: "வீட்டுல பேய் இருக்குன்னுதான் தெரிஞ்சுபோச்சே, காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?" எல்லோரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தவர்கள்தான். மதுரையில் வாடகை வீடு தேடி அலைந்த பிறகு அந்தச் சிரிப்பு எங்களுக்கு வரவில்லை.

நாங்கள் மூன்று பேர். படிப்பு முடிந்து, விடுதியைக் காலி செய்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, கறி சமைப்பீர்களா என்று சுற்றி வளைத்துக் கேள்வி. பதில் சொன்னதும், "வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு தம்பி." பதினோராவது வீட்டில்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை. காரணத்தைத் தரகர் சொன்னார். முன்பு குடியிருந்த ஒருவர் அங்கே தூக்கு மாட்டிக்கொண்டாராம். இரண்டு வருடமாக ஆள் வரவில்லையாம். "பயமில்லைன்னா எடுத்துக்குங்க." எடுத்துக்கொண்டோம்.

முதல் ராத்திரியே சமையலறையில் தகர டப்பா உருண்டது. போய்ப் பார்த்தால் பெருச்சாளி. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் ஒரு பேய்ப்படம் என்று வைத்துக்கொண்டோம். அப்படிப் பார்த்ததில், பேய்ப்பட ரசிகர்கள் தவறவிடக் கூடாது என்று நாங்கள் நினைக்கும் ஐந்து படங்கள் இவை. முதல் படத்தின் முடிவை மட்டும் சொல்லாமல் பேச முடியாது. பார்க்காத தோழர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நைட் ஆஃப் தி லிவிங் டெட் (1968)

ஜார்ஜ் ரொமேரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இன்றைய ஜாம்பி படங்களுக்கெல்லாம் தாய் இதுதான். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் நிதானமாக யோசித்து, ஜன்னலுக்குப் பலகை அடித்து, மற்றவர்களையும் காப்பாற்றப் பார்ப்பவர் பென், ஒரு கறுப்பர். டுவேன் ஜோன்ஸ் நடித்தார். அவர் நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரவு முழுக்கப் பிணங்களிடமிருந்து தப்பித்தவர், விடிந்ததும் சத்தம் கேட்டு ஜன்னல் பக்கம் வருகிறார். காப்பாற்ற வந்த துப்பாக்கிக் கூட்டம் அவரையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. கொக்கி போட்டு இழுத்துப்போய் எரிக்கிறார்கள். அந்தக் காட்சிகள் செய்தித்தாள் புகைப்படம்போல ஒவ்வொன்றாக வந்து போகும்.

படம் முடிந்து, பிரதியைக் காரில் நியூயார்க்குக்குக் கொண்டுபோன ராத்திரியில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதை வானொலியில் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை வரி விடுபட்டுப்போனதால் இது பொதுச்சொத்து ஆகிவிட்டது. காசில்லாத எங்களுக்கு இதுவே முதல் படமானதற்கு அதுவும் காரணம்.

கெட் அவுட் (2017)

ஜோர்டான் பீல் இயக்கிய முதல் படம். அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் கறுப்பர் அவர். கிறிஸ் என்ற கறுப்பு இளைஞன் தன் வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் போகிறான். யாரும் அவனைத் திட்டுவதில்லை. முடிந்திருந்தால் ஒபாமாவுக்கு மூன்றாம் முறையும் ஓட்டுப் போட்டிருப்பேன் என்கிறார் காதலியின் அப்பா. அந்த அன்புதான் பயமே. "நாங்க சாதியெல்லாம் பாக்குறதில்ல" என்று சொல்லிக்கொண்டே எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் காப்பி கொடுத்த ஒரு வீடு ஞாபகம் வந்தது. டீக்கோப்பையில் ஸ்பூன் உரசும் சத்தத்தை வைத்தே மனிதர் நம்மை நடுங்கவைக்கிறார்.

கடைசியில் இருட்டுச் சாலையில் சிவப்பு நீல விளக்கு தெரியும். மற்றப் பேய்ப்படங்களில் போலீஸ் வண்டி வந்தால் நிம்மதி. இங்கே மூன்று பேருக்கும் மூச்சு நின்றது. பீல் முதலில் வேறு முடிவை எடுத்துப் பிறகு மாற்றினார். இரண்டையும் பார்த்துவிட்டு எது சரி என்று சண்டை போடுங்கள். நாங்கள் போட்டோம்.

கேண்டிமேன் (1992)

கண்ணாடி முன்னால் ஐந்து முறை பெயரைச் சொன்னால் வருவான். டோனி டாட்டின் குரலும் உயரமும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. உடம்பில் மொய்ப்பவை நிஜத் தேனீக்கள். இந்தப் பேய் உயிரோடு இருந்தபோது அடிமையின் மகன், ஓவியன். வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்தான் என்பதற்காகக் கையை அறுத்து, தேனைத் தடவி, தேனீக்களைக் கொட்டவிட்டுக் கொன்றார்கள். இந்தக் கதையை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முருகேசன், கண்ணகி, கோகுல்ராஜ், சங்கர் என்று நமக்கும் பெயர்கள் தெரியும்.

குறையும் உண்டு. சிகாகோவின் ஏழைக் குடியிருப்பில் நடக்கும் கதையை ஆராய்ச்சிக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கண் வழியாகவே சொல்கிறார்கள். அங்கே வாழ்கிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. 2021இல் நியா டகோஸ்டா எடுத்த தொடர்ச்சி இதைச் சரிசெய்யப் பார்த்தது. ஆனால் அதன் முடிவில் அவசரம் தெரிகிறது.

ஹிஸ் ஹவுஸ் (2020)

எங்கள் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். தெற்கு சூடானிலிருந்து உயிர் தப்பி வந்த கணவன் மனைவிக்கு இங்கிலாந்தில் ஒரு வீடு ஒதுக்குகிறார்கள். சுவருக்குள் யாரோ இருக்கிறார்கள். ஆனால் அகதிக்கான விதிப்படி அவர்கள் வேறு இடத்துக்குப் போகக் கூடாது, வேலை பார்க்கக் கூடாது. வீட்டை மாற்றிக் கேட்டால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு நாங்கள் பார்த்ததிலேயே நேர்மையான பதில் இந்தப் படம்தான். ஓடுவதற்கு இன்னொரு வீடு இருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி அது. இயக்குநர் ரெமி வீக்ஸுக்கு இது முதல் படம் என்பதை நம்ப முடியவில்லை.

பிரமயுகம் (2024)

ராகுல் சதாசிவனின் மலையாளப் படம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. 17ஆம் நூற்றாண்டு. அடிமை வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடும் பாணர் சாதிப் பாட்டுக்காரன் தேவன், காட்டுக்குள் இடிந்துகிடக்கும் ஒரு மனைக்கு வந்து சேர்கிறான். மனையின் எஜமான் அவனை உள்ளே கூப்பிட்டு விருந்தாளி என்கிறார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடைத்த மரியாதை. அந்த மரியாதைதான் பொறி. தாயம் விளையாட்டில் பணயம் வைக்க அவனிடம் காசில்லை. உன் நேரத்தை வை என்கிறார். மம்மூட்டி சிரிக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். வேகம் பழகியவர்களுக்கு முதல் அரைமணி நேரம் மெதுவாகத் தெரியலாம். பொறுத்திருங்கள். கைபேசியில் பார்க்க வேண்டாம்.

தமிழில் ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்பீர்கள். நிலத்தைப் பறித்துக் கொல்லப்பட்ட திருநங்கை பழிவாங்கத் திரும்பி வருவதைச் சொன்ன காஞ்சனா (2011), அன்பான பேயைக் காட்டிய பிசாசு (2014) இரண்டும் எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் நம் படங்களில் சுடுகாடு வந்தால் வெட்டியான் கண்ணை உருட்டிக்கொண்டு வந்து நிற்பது மட்டும் தாங்கவில்லை. எங்களில் ஒருவரின் தாத்தா அந்த வேலை பார்த்தவர். அவருக்கு இருந்த ஒரே பயம் மழை நாளில் விறகு நனைந்துவிடுவது. அவரை வைத்து யாராவது ஒரு பேய்ப்படம் எடுத்தால் முதல் காட்சிக்கு நாங்கள் வருகிறோம்.

அந்த வீட்டில் 14 மாதம் இருந்தோம். எங்களில் ஒருவரின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மரியாதைக்காக வீட்டுக்காரருக்கும் பத்திரிகை வைத்தோம். அட்டையில் அம்பேத்கர் படம். வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தரகர் வந்தார். வீட்டுக்காரரின் மகன் குடிவரப் போகிறாராம், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

காலி செய்தோம். ஆறு மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோது வீடு பூட்டியே கிடந்தது. அங்கே பேய் இருந்ததா என்று இன்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். இருந்திருந்தால், 14 மாதமும் அது எங்களைப் போகச் சொல்லவில்லை.