விற்ற பின்னும் மாறும் விளையாட்டு

அச்சேறிய நாவல் வாசகனின் அலுமாரியை அடைந்த பின், பதிப்பாளர் வந்து அதிலோர் அத்தியாயத்தைக் கிழித்துச் செல்வதில்லை. கணினி விளையாட்டுக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை.

றொக்ஸ்டார் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 4’ இதற்குச் சான்று. போரின் நினைவுகளைச் சுமந்தவாறு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து, நியூயோர்க்கை ஒத்த கற்பனை நகரொன்றில் வந்திறங்கும் நிக்கோ பெலிக்கின் கதை அது. அவனது காரில் ‘விளாடிவொஸ்டொக்’ என்னும் வானொலி ருஷ்யப் பாடல்களை ஒலிக்கும். அந்நியத் தெருக்களில் அவன் விட்டுவந்த உலகுக்கு அண்மித்த குரல் அதுவே.

அப்பாடல்களுட் பலவற்றின் உரிமம் பத்தாண்டுகளோடு முடிவடைந்தது. 2018 ஏப்ரலில் இணையவழித் திருத்தமொன்றினால் அவை அகற்றப்பட்டன. வேறு சில பாடல்கள் அவ்விடத்திற் புகுந்தன. முன்னரே முழுவிலை கொடுத்து வாங்கியோரின் பிரதிகளிலும் இதுவே நிகழ்ந்தது. அவர்களைக் கேட்டார் எவருமிலர். பிழை களைவதற்கென அவர்கள் மனமுவந்து திறந்துவைத்த வழியாலேயே பாடல்களும் போயின என்பதுதான் கசப்பு. இசைவாணரின் உரிமை மதிக்கப்பட வேண்டியதே. ஆயினும் ஒப்பந்தம் எழுதியோர் கதையின் ஆயுளையும் பத்தாண்டென்றே எண்ணினர் போலும்.

திருத்தம் ஏறாத பழைய இறுவட்டுக்களில் மட்டும் அப்பாடல்கள் இன்னும் ஒலிக்கின்றன. நிக்கோ அவற்றைக் கேட்டவாறே பாலத்தைக் கடக்கிறான்.