ஒரு தங்கக் காசு மேட்டர்!

செத்துட்டேன். அதுவும் ஒரே ராத்திரியில் பதினோராவது தடவை!

பதறாதீங்க மக்களே... செத்தது நான் இல்லை, என் ப்ரீஸ்ட். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடினவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். 2004-ல் வந்த ஆன்லைன் கேம். அதோட பழைய வடிவத்தை ‘கிளாசிக்’ என்ற பெயரில் 2019 ஆகஸ்ட்டில் மறுபடி விட்டார்கள். அப்போ நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். நானும் ஹாஸ்டல் ரூம்மேட்டும் ஒரே நாளில் ஆரம்பிச்சோம். அவன் வாரியர். கத்தியைத் தூக்கிட்டு முன்னாடி ஓடுவான். நான் பின்னாடி நின்னு, அவன் உயிர் குறையக் குறைய ஏத்திவிடுவேன். செம ஜோடி!

ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பத்தாவது லெவலில் இருந்து லெவலுக்கு ஒரு டேலன்ட் பாயின்ட் கிடைக்கும். அறுபதோடு முடிஞ்சுது. ஆக, மொத்தம் 51 பாயின்ட்தான். ப்ரீஸ்ட்டுக்கு டிசிப்ளின், ஹோலி, ஷேடோன்னு மூணு கிளை. ஹோலியில் போட்டால் அடுத்தவனை நல்லா குணமாக்கலாம். ஷேடோவில் போட்டால் எதிரியை நாமளே போட்டுத் தாக்கலாம். எல்லாத்தையும் வாங்க 51 பத்தாது. எது வேணும்னு முடிவு பண்ணியே ஆகணும்.

22-வது லெவலில் என் கையில் 13 பாயின்ட். பதிமூணையும் ஹோலியில் கொட்டியிருந்தேன். யோசிக்கவே இல்லை. முன்னாடிதான் அவன் இருக்கானே!

அந்தச் சமயத்தில்தான் அவன் வீட்டிலிருந்து ஃபோன். அப்பாவுக்கு உடம்பு முடியலை. அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டான்.

டஸ்க்வுட் காட்டில் நான் மட்டும் தனியா. ஒரு எலும்புக்கூட்டை அடிச்சு முடிக்கறதுக்குள் மானா மொத்தமும் காலி. உட்கார்ந்து தண்ணி குடிச்சு மானாவை ஏத்தறதுக்குள் இன்னொரு எலும்புக்கூடு வந்துடும். அப்புறமென்ன... சுடுகாட்டிலிருந்து ஆவியா ஓடி வந்து என் பொணத்தை நானே தேடணும். இப்படிப் பதினோரு தடவை!

இதுகூட பரவாயில்லை. அதே வாரம் எங்க ரெண்டு பேரோட மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. சர்க்யூட், ரிப்போர்ட், ஸ்லைடு எல்லாம் என் கைவண்ணம். பேசறது மட்டும் அவன் டிபார்ட்மென்ட். முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான். செமினார்னா அவன் முன்னாடி நிப்பான், நான் லேப்டாப்பில் ஸ்லைடு தள்ளுவேன். அன்னிக்கு தனியா போய் நின்னேன். சார் கேட்டதெல்லாம் நான் எழுதின பக்கத்திலிருந்துதான். ஆனா, வாயில் காத்துதான் வந்தது. ‘அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா’ன்னு அனுப்பிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட நல்லா இருந்திருக்கும்.

ரூமுக்கு வந்து கேமைத் திறந்தேன். ஸ்டார்ம்விண்ட் கதீட்ரலில் இருக்கிற ட்ரெய்னரிடம் போனால், போட்ட பாயின்ட்டை எல்லாம் திருப்பி வாங்கி வேற மாதிரி போடலாம். முதல் தடவை 1 தங்கக் காசு. அடுத்து 5, அதுக்கப்புறம் 10... இப்படியே 50 வரைக்கும் ஏறும். என்னிடம் காசு இருந்தது. மனசுதான் வரலை. அவன் திரும்பி வந்தா யார் காப்பாத்தறது? ஏதோ துரோகம் பண்ற மாதிரி இருந்தது.

அப்பாவை விசாரிக்க ஃபோன் பண்ணினப்போ, நடுவில் இதையும் மெதுவா போட்டேன். ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து சிரிச்சான். “டேய் மச்சான், நான் வர்ற வரைக்கும் செத்துக்கிட்டே இருப்பியா? மாத்துடா!”

மாத்தினேன். முதல் 5 பாயின்ட் ‘ஸ்பிரிட் டாப்’. எதிரியைக் கொன்னதும் 15 நொடிக்கு மானா சரசரன்னு ஏறும். 11-வது பாயின்ட்டில் ‘மைண்ட் ஃப்ளே’. தூரத்திலிருந்தே எதிரியின் வேகத்தைப் பாதியாக்கி அடிக்கலாம். அதே காடு, அதே எலும்புக்கூடு. இந்தத் தடவை அது விழுந்தது, நான் நின்னேன்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி, ஹாஸ்டல் சுவத்துக்கு முன்னாடி நின்னு மூணு தடவை பேசிப் பார்த்தேன். ரிவ்யூவில் முதல் ரெண்டு நிமிஷம் குரல் நடுங்கினது நிஜம். மூணாவது நிமிஷம் சார் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். பதில் தெரியும். சொல்லிட்டேன். ‘ம்... சரி, அடுத்தது’ன்னார். கைதட்டெல்லாம் இல்லை பாஸ். அந்த ‘ம்’ போதும் எனக்கு.

மூணு வாரம் கழிச்சு அவன் வந்தான். அப்பா தேறிட்டார். அவன் 22, நான் 25. முன்பின் தெரியாத மூணு பேரைச் சேர்த்துக்கிட்டு ‘ஸ்டாக்கேட்’ சிறைக்குள் இறங்கறதா பிளான். “போச்சு, நீ ஷேடோ ஆயிட்டே. யாருடா ஹீல் பண்ணுவா?”ன்னு புலம்பினான்.

நான்தான் பண்ணினேன். ஒருத்தரும் சாகலை. டேலன்ட்டை மாத்தினால் கத்துக்கிட்ட ஹீல் ஸ்பெல் எங்கேயும் ஓடிப்போறதில்லை. ஹோலி அளவுக்கு வலு இருக்காது, அவ்வளவுதான். இந்த உண்மை தெரியாமல்தான் ஒரு தங்கக் காசைக் கையில் வெச்சுக்கிட்டுப் பதினோரு தடவை செத்தேன்.

அடுத்த செமினாரில் பாதி அவன் பேசினான், மீதி நான். நான் பேசறப்போ ஸ்லைடு தள்ளினது யாருன்னு நினைக்கிறீங்க? மாத்தி மாத்தித் தள்ளி சொதப்பிட்டான் படுபாவி!

உங்க பாயின்ட்டெல்லாம் எந்தக் கிளையில் ஏறிட்டு இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்க ஃப்ரெண்ட்ஸ். முதல் தடவை மாத்தறதுக்கு ரேட் கம்மிதான்!