விடுமுறையும் விடுதியும்

விடுமுறை அறிவிப்பை நேற்று ஒட்டிவிட்டார்கள். உணவுக்கூடம் வெள்ளி இரவோடு மூடப்படும். ஞாயிறு மாலைக்குள் அறையைக் காலிசெய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். உடன் நின்று படித்த முதுகலைத் தங்கைகள் துள்ளிக்கொண்டு பெட்டி கட்டப் போனார்கள். நான் கைப்பேசியை எடுத்துக் கப்பல் அட்டவணையைத் தேடினேன்.

என் வீடு அந்தமானில், புரோத்ராபூரில் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலேறினால் மூன்று நாள் ஆகும். அதுவும் நாள்தோறும் புறப்படுவதில்லை. விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் கடைசி நேரக் கட்டணம் ஆய்வு உதவித்தொகையைக் கேலிசெய்யும். 'வீட்டுக்குப் போ' என்று சில நாள் கெடு வைப்பவர்களின் மனத்தில் இருப்பது, இரவுப் பேருந்தில் ஏறினால் விடியலில் போய்ச் சேர்ந்துவிடும் வீடு.

அந்தமான் என்றதும் இங்கே எல்லாரும் கேட்கும் முதற்கேள்வி செல்லுலார் சிறையைப் பற்றியதே. மாவட்டச் சிறை எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்பேன்; சிரிப்பார்கள். சிறைக்கும் விடுதிக்கும் 'வார்டன்' என்ற ஒரே சொல் வழங்குவதை வைத்து முதலாண்டில் நானும் நிறைய நகைச்சுவை செய்ததுண்டு. இப்போது செய்வதில்லை. விடுதி எனக்குச் சிறையாக இருந்ததே இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், புரூக்ஷாபாத்தில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வளாகம் உண்டு. அது கடலியலுக்கும் கடலுயிரியலுக்கும் பெயர்பெற்றது. நான் படிக்க விரும்பியதோ வரலாறு. வரலாறு படிக்கக் கடல் கடக்க வேண்டியிருந்தது. கடல் கடக்க அப்பா சம்மதித்தது விடுதி இருந்ததால்தான். அவர் என் மதிப்பெண் பட்டியலைவிட விடுதி அனுமதிக் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தார்.

வாளி வரிசை, மொட்டைமாடிக் கொடியில் இடம்பிடிக்கும் சண்டை, ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பின் வாசம் மாடிவரை ஏறிவருவது, இரவு எட்டரைக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து: ஆறாண்டுகள் இப்படித்தான் கழிந்தன. தருமபுரியிலிருந்து வந்த அறைத்தோழிக்கு நான் இந்தி கற்றுக்கொடுத்தேன். எங்கள் தீவில் வங்காளியும் தமிழரும் ராஞ்சிக்காரரும் சந்தையில் பேசிக்கொள்ளும் அந்த இலக்கணமற்ற இந்திதான். அவள் எனக்கு ராகிக்களி கிண்டக் கற்றுக்கொடுத்தாள், அறையில் மின்னடுப்பு வைக்கக் கூடாது என்ற விதியை மீறி.

ஆய்வுக்காகச் சென்னையின் பழைய பெண்கள் விடுதிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின் இந்த அறிவிப்புத்தாளை முன்போல் கடந்துபோக முடியவில்லை. 1914இல் கடற்கரையில் கேப்பர் இல்லத்தில் பெண்களுக்கான அரசுக் கல்லூரி 37 மாணவியருடன் தொடங்கியது. டோரதி டி லா ஹே முதல்வர். பின்னாளில் அதுவே இராணி மேரிக் கல்லூரி ஆயிற்று. வெளியூர்ப் பெண்கள் தங்கிப் படிக்க இடமில்லையேல் அக்கல்லூரி சென்னைக்காரர்களின் கல்லூரியாகவே நின்றிருக்கும் என்பதால் விடுதிக் கட்டடங்களும் அடுத்தடுத்து எழுந்தன.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது அதே கடற்கரையில் சற்று வடக்கே இருந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய அந்தக் கட்டடத்தில், சகோதரி சுப்புலட்சுமி இளங் கைம்பெண்களுக்கான இல்லத்தை நடத்தினார். அவரும் குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண் ஆனவர், 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றவர். எழும்பூரில், தந்தையின் வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுமியரோடு தொடங்கியது அந்த முயற்சி. அவருடைய சித்தி, அவரும் கைம்பெண்ணே, துணைநின்றார். அரசு ஆதரவோடு இல்லம் வளர்ந்தபோதும் அது பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே என்றிருந்ததை மறைக்க வேண்டியதில்லை. யாருக்குக் கதவு திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

எனினும் அவ்வில்லத்தின் அடிப்படையைக் கவனியுங்கள். அங்கே வந்த பெண்ணுக்கு 'விடுமுறைக்கு வீட்டுக்குப் போ' என்பது எவ்வளவு அபத்தமாக ஒலித்திருக்கும்! வீடு அவளுக்கு என்ன வைத்திருந்தது என்பது தெரிந்துதான் அந்த இல்லமே தொடங்கப்பட்டது. நம் பெண்கள் விடுதிகளின் மூதாதையரில் ஒன்று இப்படி, போக்கிடம் இல்லாதவர்களுக்காகப் பிறந்தது. நாளடைவில் விடுதி, பெற்றோர் சார்பாகப் பெண்ணைக் காவல்காக்கும் இடமாகச் சுருங்கிவிட்டது. வீடு கைக்கெட்டும் தூரத்தில், அன்போடு காத்திருக்கிறது என்பது அதன் விதிகளின் ஊகமாகிவிட்டது. தீவிலிருந்து வந்தவளுக்கு அந்த ஊகத்தின் முற்பாதி பொருந்துவதில்லை. என் தளத்திலேயே பிற்பாதி பொருந்தாத இருவர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. ஆண்கள் விடுதியில் ஆய்வாளர்கள் விடுமுறையிலும் தங்குகிறார்கள். மாணவியர் விடுதியை மூடக் கேட்டால் 'பாதுகாப்பு' என்கிறார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிகளுக்கு மட்டும் பாகுபாடான விதிகளை வகுக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வெளியிட்ட விதிமுறைகளிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து எங்கள் விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறோம். ஆறு பேர் கையெழுத்திட்டோம்.

அலுவலகத்தில் மறுக்கவில்லை, ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'உள்ளூர்ப் பாதுகாவலர்' என்றொரு கட்டம், அவர் கையெழுத்து கட்டாயம். இந்த ஊரில் எனக்கு யாருமில்லை. முப்பத்தொரு வயதில் பாதுகாவலர் எதற்கு என்று கேட்கலாம்தான். இந்த அத்தியாயத்தை முடிக்க வேண்டியிருந்ததால் கேட்கவில்லை. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, சப்பாத்தி போடும் அக்கா என்னவென்று விசாரித்தார். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, "பேனாவைக் கொடும்மா" என்றார். உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நான் தயங்க, "அக்கான்னு எழுது, வேற என்ன?" என்றார்.

படிவம் உள்ளே போயிருக்கிறது. விடை இன்னும் வரவில்லை. அந்தமானுக்குக் கப்பல் சீட்டும் நான் வாங்கவில்லை. ஆறு பேரும் காசு போட்டுப் பத்துக் கிலோ அரிசி வாங்கிவைத்துவிட்டோம்.